நெட்டில் ஒரு வேலை முடிக்கும் முன் போடவேண்டிய கணக்கு

களக்காட்டுக்காரர் ஒருவர் வாழைக் கடனுக்குச் சிட்டா எடுக்க நாங்குநேரி தாலுகா ஆபீஸுக்குப் போய்வந்தால் பஸ் காசோடு அரை நாள் கூலியும் போகும். தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்தால் அதே சிட்டா வீட்டிலேயே கிடைக்கிறது. கொடுக்கும் நில விவரம் ஏற்கெனவே கிராமக் கணக்கில் இருப்பதுதான். யோசிக்காமல் எடுக்கலாம். அதே ஆள் ஐயாயிரம் ரூபாய் அவசரத்துக்கு ஒரு கடன் ஆப்பை இறக்கி, அது கேட்டபடி கான்டாக்ட், கேலரி இரண்டுக்கும் அனுமதி கொடுத்தார் என்றால் கதை வேறு. தவணை ஒன்று தவறினால் மச்சினன் முதல் மகளின் டீச்சர் வரை போன் போகும். 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி கடன் ஆப்கள் கான்டாக்ட், கேலரி, கால் பட்டியல் எதையும் தொடக்கூடாது. கேட்கிறது என்றாலே அது முறையான ஆப் இல்லை.

ஆகவே நெட் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் வேண்டாம். வேலைக்கு வேலை கணக்குப் போட வேண்டும். இதில் எனக்கு என்ன மிச்சம்? எதைக் கொடுக்கிறேன்? கொடுத்தது களவு போனால் மாற்ற முடியுமா? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்டு, பின் நம்பர் இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம், ஏடிஎம் கார்டை முடக்கி வேறு வாங்கலாம். போன் நம்பரையும் மாற்றலாம், ஆனால் படாத பாடு. கைரேகை, பிறந்த தேதி, ஒருதரம் வெளியே போன போட்டோ இவற்றை மாற்றவே முடியாது.

ஜெராக்ஸ் கடையில்

நம்ம ஊரில் ஆதார் கசிவது பெரும்பாலும் ஹேக்கரால் அல்ல, பிரிண்ட் எடுக்கும் கடையில்தான். ‘வாட்ஸப்ல அனுப்புங்கண்ணே’ என்பார்கள், அனுப்புவோம். பிறகு ‘எல்லாருக்கும் அழி’ கொடுத்தாலும் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கிய நகல் அப்படியே இருக்கும். பிரிண்ட் முடிந்ததும் அந்த ஃபோல்டரைத் திறக்கச் சொல்லி, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே டெலிட் கொடுக்கச் சொல்லுங்கள். வெறும் டெலிட் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். உங்கள் வாட்ஸப்பையே அங்கே திறந்திருந்தால், போனில் ‘இணைத்த சாதனங்கள்’ பகுதிக்குப் போய் அதை வெளியேற்றுங்கள்.

ஆதாரில் முதல் எட்டு எண்ணை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் நகல் ஆதார் தளத்திலேயே கிடைக்கிறது. லாட்ஜ் மாதிரி இடங்களுக்கு அதையே கொடுங்கள். அந்த பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த வருடமும். ஊருக்கே தெரிந்த சூத்திரம் அது, அந்தப் பூட்டை நம்பிக் கண்டவருக்கும் அனுப்பாதீர்கள்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் பி.எஃப். கணக்கில் நடக்கும் தவறு இன்னொரு வகை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரர் தன் மொபைல் நம்பரையே போட்டுவிடுவார், பாஸ்வேர்டையும் தன் நோட்டிலேயே எழுதிக்கொள்வார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். கடை கைமாறினால் அந்த நோட்டும் கைமாறும். வீட்டில் ஒருவரின் நம்பரைப் போடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை அன்று இரவே மாற்றுங்கள்.

கைரேகையைப் பூட்டலாமா?

ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து, ஓடிபி இல்லாமல் விரல் வைத்தே பணம் எடுக்க முடியும். ரேகையைப் போலியாக எடுத்துக் கணக்கைக் காலி செய்வதும் நடக்கிறது. இதைத் தடுக்க ஆதாரின் அதிகாரபூர்வ ஆப்பில் ஓடிபி கொடுத்து உள்ளே போய், பயோமெட்ரிக் பூட்டைப் போடலாம். காசு கிடையாது. ஆதாரில் மொபைல் நம்பர் பதிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாரும் பூட்டுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சரியில்லை. பூட்டியபின் ரேஷன் கடையில் விரல் வைத்தால் 330 என்ற பிழை வரும், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும். ஆகவே முறை வரும்போது திறந்தால் போதும். அதைவிட எளிய வழி, குடும்பத்தில் ரேஷனுக்குப் போகிறவரை விட்டுவிட்டு மற்றவர்கள் பூட்டிக்கொள்வது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்கு இது கட்டாயம். அவன் விரலுக்கு இங்கே வேலையே இல்லை. முதியோர் பணத்தை வீட்டு வாசலில் விரல் வைத்து வாங்கும் ஆச்சிக்குப் பூட்டு உபத்திரவம்தான். அவர் கணக்கில் பெரிய தொகையைத் தங்கவிடாமல், பணம் வாங்கும்போது ரசீதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஜிபே, போன்பே

நகை அடகுப் பணமும் நெல் போட்ட பணமும் கிடக்கும் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் மாதச் செலவுக்கு மட்டும். டீக்கடை, பஸ் போன்ற சில்லறைக்கு யுபிஐ லைட், அதாவது யுபிஐ ஆப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன பர்ஸ். அதில் 5,000 ரூபாய்க்கு மேல் வைக்கவே முடியாது, நட்டத்துக்கும் அதுவே எல்லை. உங்களுக்குப் பணம் வர யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டால் போவது உங்கள் பணம்.

போன் வந்தால்

‘இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டு கரண்ட்டைக் கட் பண்ணிருவோம்’ என்று மெசேஜ் வந்தால், அதில் உள்ள நம்பரைக் கூப்பிடாமல் மின்வாரிய ஆப்பில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸப்பில் வரும் கல்யாணப் பத்திரிகையோ போக்குவரத்து அபராதச் சீட்டோ ‘.apk’ (ஏபிகே, ஆப்பை இறக்கும் ஃபைல்) என்று முடிந்தால், சொந்தக்காரர் நம்பரிலிருந்தே வந்தாலும் தொடாதீர்கள். அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். அப்படி இறங்கும் ஆப் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியைத் திருடும். கூரியர்காரர் என்று சொல்லி *401* அல்லது *21* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால், உங்கள் அழைப்புகள் அவருக்குத் திரும்பிவிடும். அழுத்தியாகிவிட்டதா? உடனே ##002# அடித்து எல்லாத் திருப்பலையும் நீக்குங்கள். வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்பவரை மறுபேச்சில்லாமல் கட் செய்யலாம், சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

வாட்ஸப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட், இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று போய் ஆறு இலக்கப் பின் போட இரண்டு நிமிடம் ஆகும். பிறந்த தேதியை மட்டும் அதில் போடாதீர்கள்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க யோசிப்பதில்தான் பணம் தொலைகிறது. முதலில் 1930, சைபர் மோசடிப் புகாருக்கான போன் நம்பர். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் அங்கேயே நிறுத்தப் பார்ப்பார்கள். கையில் வைத்திருக்க வேண்டியது: பரிவர்த்தனை எண், தொகை, நேரம், வங்கிக் கணக்கு எண். அடுத்து வங்கியின் புகார் எண். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நட்டம் இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் அதுவரை போனது உங்கள் பாடு. புகார் சொன்ன பிறகு போவது வங்கியின் பாடு. அதனால் புகார் கொடுத்த நேரத்துக்குச் சாட்சி வேண்டும். மறுநாள் காலை கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.