பென்சில்வேனியா பனியில் சக்கிமுக்கித் துப்பாக்கியோடு முதல் மான் வேட்டை

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டைக்கு இன்னொரு பருவம் திறக்கும், ஜனவரியிலும் நீளும். 1974-ல் தொடங்கிய இதில் சக்கிமுக்கிக்கல் உரசி மருந்தைப் பற்றவைக்கும் ஃபிளின்ட்லாக் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. இந்தத் துப்பாக்கி 18-ஆம் நூற்றாண்டில் லான்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீளக் குழல் துப்பாக்கியின் வழிவந்தது. நான் பார்த்தவரை இந்த வேட்டையில் மான் தப்புவதற்குக் குறி பிசகுவதைவிட மருந்து நமத்துப்போவதுதான் பெரிய காரணம், அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

முதலில் காகித வேலை. புதியவர் என்றால் வேட்டைப் பயிற்சி வகுப்பு கட்டாயம். பொது வேட்டை உரிமத்தோடு மஸில்லோடர், அதாவது குழல் வாய்வழியாக மருந்திடும் துப்பாக்கிக்கான உரிமமும் வேண்டும். ஆரஞ்சுச் சட்டையைச் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து மருந்து. அசல் கருமருந்துதான் வேண்டும். மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ளக் கூடுதல் சூடு கேட்பவை, கல் தரும் பொறி அவற்றுக்குப் போதாது. என்னுடைய .50 (அரை அங்குலக் குழல்) துப்பாக்கிக்கு மூன்று எஃப் எனும் நுண்ணிய மருந்து 70 கிரெய்ன் (சுமார் நாலரை கிராம்), எண்ணெய் தடவிய துணியில் சுற்றிய .490 ஈயக் குண்டு. உங்கள் துப்பாக்கியைச் செய்தவர்கள் சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள். மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டவே கூடாது, அளவுக் குப்பியில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். குண்டைக் கெஜக்கோலால் மருந்தின்மேல் இடைவெளியில்லாமல் உட்கார வையுங்கள், இடைவெளி விட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். குண்டு சரியாக உட்கார்ந்த இடத்தைக் கோலில் ஒரு கோடு கிழித்து வைத்தால் பிறகு ஒவ்வொரு முறையும் சந்தேகமே வராது.

இப்போது முக்கியமான இடம். குழலின் பக்கவாட்டில் சின்னக் கிண்ணம், அதையொட்டிக் குழலுக்குள் போகும் பற்றுவாய்த் துளை, கிண்ணத்துக்கு மூடியாக எஃகுத் தகடு. விசையை இழுத்தால் குதிரை (கல்லைப் பிடித்திருக்கும் சுத்தி) பாய்ந்து, அதன் வாயில் தோலோடு இறுக்கிய கல் தகட்டைச் சுரண்டும், தகடு திறக்கும், பொறி கிண்ணத்தில் விழும். கிண்ணத்தில் நான்கு எஃப் எனும் இன்னும் நுண்ணிய பொடி மருந்து பாதிக்கு மேல் வேண்டாம், துளையை அது மூடிவிட்டால் திரிபோல மெதுவாக எரிந்து சுடுவது தாமதமாகும். துளையை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து வைத்திருங்கள்.

என் முதல் வருடம், தூறல் பனியில் மூன்று மணி நேரம் நின்றேன். முப்பது அடியில் பெண் மான். குதிரை விழுந்தது, சத்தம் மட்டும்தான். தகட்டைத் திறந்து பார்த்தால் கிண்ணத்தில் கறுப்புக் களிம்பு. அன்றிலிருந்து குதிரையும் கிண்ணமும் இருக்கும் பூட்டின்மேல் மெழுகேற்றிய தோல் உறை போடாமல் காட்டில் கால் வைப்பதில்லை, அரை மணிக்கு ஒருமுறை பழைய பொடியைத் தட்டிவிட்டு, கிண்ணத்தையும் தகட்டையும் கல்லின் முனையையும் உலர்ந்த துணியால் துடைத்துப் புதிதாகப் போடுகிறேன். குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுபோனால் துப்பாக்கி வியர்க்கும், அதையும் மறக்காதீர்கள்.

இந்தப் பருவத்து மான்கள் ஏற்கெனவே துரத்தப்பட்டவை. லாரல் புதர், ஹெம்லாக் எனும் ஊசியிலை மரங்களின் நிழல், வெயில் படும் தெற்குச் சரிவு, இங்கெல்லாம் ஒதுங்கும். காற்று முகத்தில் அடிக்க, பத்தடி நடந்தால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஐம்பது கஜத்துக்குள் வரும்வரை சுட வேண்டாம்.

சுடும்போது கண்ணருகே தீ பளிச்சென்று கிளம்பும், உடல் தானாகப் பின்வாங்கும். குண்டு போகும்வரை குறியை விடாதீர்கள், இது பழக்கத்தில்தான் வரும், மைதானத்தில் நிறையச் சுட்டுப் பாருங்கள். வெடிக்கவில்லை என்றால் குழலைப் பத்திரமான திசையில் ஒரு நிமிடமாவது அப்படியே பிடித்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கலாம். வெடித்தால் புகை மறைக்கும், சற்று விலகி மான் ஓடிய திசையைப் பாருங்கள். மறுபடி மருந்திட்டு, அரை மணி பொறுத்து, பனியில் இரத்தத் தடம் பிடித்துப் போகலாம்.

அன்றிரவே சுத்தம் செய்ய வேண்டும். கருமருந்துக் கரி ஈரத்தை இழுக்கும், விடிவதற்குள் துரு பிடிக்கும். சுடுதண்ணீர் ஊற்றினால் முதலில் மை மாதிரி, அழுகிய முட்டை வாடையோடு வரும். தெளியும்வரை ஊற்றி, துணியால் உலர்த்தி, எண்ணெய் பூசி வையுங்கள். அடுத்த முறை மருந்திடும் முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், எண்ணெயில் ஊறினாலும் மருந்து பற்றாது.