ஒட்டுண்ணித் தொற்றா? ஆன்டிபாடி ரிசல்ட்டைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள்

காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே ரத்தம் கொடுத்துவிட்டு, ஆன்டிபாடி நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிட வேண்டாம். இந்த டெஸ்ட் ஒட்டுண்ணியைத் தேடுவதே இல்லை, அது உள்ளே வந்ததற்கு உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பைத்தான் தேடுகிறது, அந்த எதிர்ப்பு உருவாக நாள் பிடிக்கும். அதனால் எங்கே எப்போது தொற்றியிருக்கலாம், காய்ச்சல் என்று ஆரம்பித்தது, ரத்தம் என்று எடுத்தார்கள் என்று மூன்று தேதிகளைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அமீபாவால் கல்லீரலில் சீழ் கட்டினால்கூட முதல் வாரத்தில் நெகட்டிவ் வரலாம், ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தால் பாசிட்டிவ் ஆகியிருக்கும். ஷிஸ்டோசோமா என்ற, தண்ணீரிலிருந்து தொற்றும் புழுவுக்கோ 6 முதல் 12 வாரம் வரை ஆகலாம்.

மலேரியா சந்தேகம் என்றால் ஆன்டிபாடி பக்கமே போகாதீர்கள். ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும், முதல் ஸ்லைடில் ஒன்றும் தெரியாவிட்டாலும் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள். மலேரியாவுக்குச் சில நிமிடத்தில் ரிசல்ட் தரும் கார்டு டெஸ்ட்டும் ஆன்டிபாடி டெஸ்ட்தான் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, அது ஒட்டுண்ணியின் புரதத்தையே பிடிக்கிறது.

சரி, பாசிட்டிவ் வந்தால்? அங்கேதான் குழப்பமே. ஐஜிஜி (சற்றுத் தாமதமாக உருவாகி நீண்ட நாள் நிற்கும் ஆன்டிபாடி) மட்டும் என்றால் பழைய கதையாக இருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து இப்போது தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐஜிஎம் (தொற்றியதும் முதலில் உருவாகும் ஆன்டிபாடி) வந்தால் புதுத் தொற்று என்று பாடம் படித்திருப்போம், ஆனால் டாக்ஸோபிளாஸ்மாவில் (கர்ப்பத்தில் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணி) ஐஜிஎம் ஒரு வருஷம் தாண்டியும் நிற்கலாம். கர்ப்பிணிக்கு இந்த ரிசல்ட் வந்தால் பதறாமல் அவிடிட்டி டெஸ்ட் (ஐஜிஜி எவ்வளவு இறுக்கமாக ஒட்டிப் பிடிக்கிறது என்று பார்ப்பது) கேளுங்கள். அவிடிட்டி அதிகமாக இருந்தால் தொற்று ஏறத்தாழ 4 மாதத்துக்கு முன்போ அதற்கும் முன்போ வந்தது. குறைவாக இருப்பதை வைத்துப் புதுத் தொற்று என்று சொல்லிவிட முடியாது (இதைத் தலைகீழாகப் படிப்பவர்களும் உண்டு).

சந்தேகம் தீராவிட்டால் 2, 3 வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடுங்கள். முதல் சாம்பிளை எடுத்துவைக்கும்படி லேபில் முன்பே சொல்லிவிட வேண்டும், இரண்டையும் ஒரே நாளில், ஒரே முறையில் ஓட்டினால்தான் ஒப்பிட முடியும். டைட்டர் (ரத்தத்தில் ஆன்டிபாடியின் அளவு) நாலு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் அது புதுத் தொற்றுக்கு நல்ல சான்று.

அப்புறம், காலா அசார் (மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணிக் காய்ச்சல்) முன்பு வந்து குணமானவர் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள், அந்த நோய்க்கான ஆர்கே39 ஆன்டிபாடி டெஸ்ட் அவருக்கு வருஷக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள், அவருக்குத் தொற்று இருந்தும் நெகட்டிவ் வரலாம்.