மாநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி? பொதுச் சுகாதார ஆய்வுக்குப் புதியவர்களுக்கு

பினாங்கில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளில் நான் ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை. கையில் காசு இல்லாதது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், விதிமுறையில் இருந்த ஒரு வரியைத் தப்பாகப் படித்தது. உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கையில் ஓர் ஆய்வும் அதன் முடிவுகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கே தேடுவது

மேலதிகாரி சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். ஆசிய பசிபிக் நாடுகளின் பொதுச் சுகாதாரக் கல்விக் கூட்டமைப்பான ஏபிஏசிபிஎச் 1984-லிருந்து இயங்குகிறது. நம் வட்டாரத்திலேயே மாநாடு நடத்துவதால் விமானச் செலவு குறையும், இளம் ஆய்வாளர்களுக்குத் தனிக் குழுவும் உண்டு. முதல் முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சுகாதார அமைப்புகளைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் ஹெல்த் சிஸ்டம்ஸ் குளோபல் மாநாட்டைக் கவனியுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும்; 2022-ல் போகோட்டா, 2024-ல் நாகசாக்கி. அதை ஒட்டி நடக்கும் எமர்ஜிங் வாய்சஸ் பயிற்சி இளையவர்களுக்கென்றே உள்ளது. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் உலகச் சுகாதார ஆய்வு நிலையம் செராஸில்தான் இருக்கிறது; அதன் அறிவிப்புகளையும் பார்த்து வையுங்கள்.

பயணமே வேண்டாம் என்றால், உலகச் சுகாதார நிறுவனத்தில் இயங்கும், வெப்பமண்டல நோய் ஆய்வுக்கான டிடிஆர் திட்டத்தின் இணைய வகுப்பைப் பாருங்கள். செயலாக்க ஆய்வு, அதாவது ஒரு சிகிச்சையையோ திட்டத்தையோ நடைமுறைக்குக் கொண்டுவருவதில் உள்ள சிக்கல்களை ஆராய்வது பற்றிய வகுப்பு அது, இலவசம்.

நான் இடறிய வரி

உதவித்தொகை அறிவிப்புகளில் ‘குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு’ என்று இருக்கும். மலேசியா அதில் வராது என்று நானே முடிவு கட்டிப் பக்கத்தை மூடிவிடுவேன். உண்மையில் உலக வங்கி நாடுகளை நான்காகப் பிரிக்கிறது: குறைந்த வருமானம், கீழ்நடுத்தரம், மேல்நடுத்தரம், உயர் வருமானம். மலேசியா இருப்பது மேல்நடுத்தரத்தில். ‘நடுத்தர’ என்று பொதுவாகச் சொன்னால் கீழும் மேலும் சேர்த்துத்தான். ஆகவே, நாம் விண்ணப்பிக்கலாம். ‘குறைந்த மற்றும் கீழ்நடுத்தர’ என்று எழுதியிருந்தால் மட்டும் நமக்கு இடமில்லை. அந்தக் ‘கீழ்’ என்ற ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். உலக வங்கி இந்தப் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-ஆம் தேதி புதுப்பிக்கிறது; அதனால் பழைய பட்டியலை நம்பி உட்கார வேண்டாம்.

பின்குறிப்பு: ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்டம் படிக்கும் பினாங்குத் தம்பி ஒருவர், தனக்குத் தகுதி உண்டா என்று கேட்டிருந்தார். அது அறிவிப்பைப் பொறுத்தது. சிலர் குடியுரிமையைப் பார்ப்பார்கள், சிலர் இப்போது வசிக்கும் நாட்டைப் பார்ப்பார்கள். தெளிவாக இல்லையென்றால் ஏற்பாட்டாளருக்கு எழுதிக் கேளுங்கள்.

அனுமதிகள்

சுகாதார அமைச்சின் கிளினிக்குகளிலோ மருத்துவமனைகளிலோ தகவல் சேகரித்திருந்தால், ஆய்வை என்எம்ஆர்ஆர் எனும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழு ஒப்புதலும் வாங்கியிருப்பீர்கள். பலர் மறப்பது அடுத்ததை. மாநாட்டில் முடிவுகளைச் சொல்வதற்குச் சுகாதாரத் தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை எழுதினார்: மாநாட்டுக்கு அனுப்பிய ஆய்வுச் சுருக்கம் தேர்வான பிறகுதான் அதற்கு விண்ணப்பித்தாராம், கடைசி வாரம் வரை தூக்கமே இல்லையாம். சுருக்கத்தின் முதல் வரைவு முடிந்ததுமே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கடிதம்

சுருக்கத்தில் ‘நோயாளிகள் பலர் திரும்பி வரவில்லை’ என்று எழுதாமல், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எழுதுங்கள். அது போதும், மிச்சத்தை மேற்பார்வையாளர் திருத்துவார். உதவித்தொகைக் கடிதத்துக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். என் முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: ‘இந்த மாநாடு என் அறிவை வளர்க்கும்.’ யார் வேண்டுமானாலும் எழுதலாம் இதை. இரண்டாவது கடிதத்தில் இப்படி மாற்றினேன்: ‘செபராங் பிறையில் நீரிழிவுப் பரிசோதனை செய்துகொண்டவர்களில் எத்தனை பேர், எத்தனை மாதத்தில் சிகிச்சையை விடுகிறார்கள் என்று கணக்கிட எனக்கு முறை தெரியவில்லை. உங்கள் இரண்டாம் நாள் பயிலரங்கு அதைத்தான் கற்றுத் தருகிறது.’ உதவி கிடைத்தது இதற்குத்தான். தெரியாததைத் தெரியாது என்று எழுதத் தயங்க வேண்டாம். நிகழ்ச்சி நிரலைப் படித்து, எந்த நாள், எந்த அமர்வு என்று குறிப்பிடுங்கள்.

மேற்கோள்களை ஒழுங்குபடுத்த ஸோட்டேரோ, புள்ளியியல் கணக்குக்கு ‘ஆர்’ (R) என்ற மென்பொருள். இரண்டும் இலவசம். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

கடைசி நாள்

மத்திய ஐரோப்பியக் குளிர்கால நேரப்படி இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 6.59. கோடையில் 5.59. ‘எனிவேர் ஆன் எர்த்’ (உலகில் எங்காவது அந்த நாள் முடியாத வரை) என்று போட்டிருந்தால் மறுநாள் இரவு 7.59 வரை நேரமுண்டு. கூகுள் காலண்டரில் நம் நேரத்துக்கு மாற்றிப் போட்டு, மூன்று நாள் முன்பே ஒரு நினைவூட்டலும் வையுங்கள். இன்னொன்று, உதவித்தொகைப் படிவம் தனியாக இருக்கலாம், சுருக்கத்துக்கு முன்பே மூடிவிடலாம். ஓர் ஆண்டு தைப்பூசத்தன்று தண்ணீர்மலையிலிருந்து இறங்கி வந்து சுருக்கத்தை நிம்மதியாக அனுப்பினேன். உதவித்தொகைப் படிவம் முந்தின நாளே மூடியிருந்தது.

போலி மாநாடுகள்

உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத மாநாட்டில் முதன்மைப் பேச்சாளராக அழைத்து, உங்களைப் ‘பேராசிரியரே’ என்று விளித்து மின்னஞ்சல் வந்தால் கட்டணம் கட்டாதீர்கள். இப்படிப்பட்ட மாநாடுகளையும் சஞ்சிகைகளையும் நடத்திய ஒரு நிறுவனத்துக்கு எதிராக 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. சந்தேகம் வந்தால் ‘திங்க் செக் அட்டெண்ட்’ தளத்தில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்.

புதிய சேர்க்கை: உதவித்தொகை கிடைத்தும் போக முடியாத நிலை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முதலில் நாம் செலவழிக்க வேண்டும், ரசீது காட்டினால் பிறகு தருவார்கள். ஆய்வு உதவியாளர் சம்பளத்தில் அது முடியாத காரியம். தேர்வானதும் அன்றே ஏற்பாட்டாளருக்கு எழுதி, டிக்கெட்டை நேரடியாக எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் கேட்டபோது பதில் மூன்றாம் நாள் வந்தது, டிக்கெட்டும் அதோடு சேர்ந்தே வந்தது.