கணக்கு மென்பொருள் வாங்கும் முன்

சிறு கடைக்குக் கணக்கு மென்பொருள் வாங்க நினைப்பவர், விலையை விசாரிப்பதற்கு முன் தம் ஆடிட்டர் எதில் வேலை செய்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அவரிடம் டேலி இருக்க, நாம் அதனுடன் ஒத்துப்போகாத வேறொன்றில் பதிந்தால், ஜிஎஸ்டிஆர்-1 என்னும் விற்பனை விவர ரிட்டர்னை (மாதந்தோறும் தாக்கல் செய்பவரானால் 11ஆம் தேதிக்குள்) தாக்கல் செய்ய வேண்டிய அவசரத்தில் எல்லாப் பில்களையும் மறுபடி தட்டச்சு செய்ய நேரிடும்.

இலவசச் சோதனைக் காலத்தில் மாதிரிப் பில் போட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், சென்ற வாரத்து உண்மையான பில்கள் பத்தை எடுத்து, அவற்றுள் சரக்கு திரும்பி வந்த பில் ஒன்றும், பாதிப் பணம் மட்டும் வந்த கடன் பில் ஒன்றும் இருக்கும்படி பார்த்துப் பதியுங்கள். திரும்பி வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட்டவுடன் சரக்கிருப்பு கூடி, வாடிக்கையாளரின் பாக்கி குறைந்து, வரியும் தானாகக் கழிய வேண்டும். இதில் தடுமாறும் மென்பொருள், திரை எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம்.

விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு, வரியைத் தனியே காட்டாத ‘பில் ஆஃப் சப்ளை’ அச்சிடும் வசதி தேவை.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஏடுகளை, அந்தந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதால், சந்தா முடிந்த பிறகும் பழைய பில்களை எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா என்பதை விற்பவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.