ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து நாம் செய்யும் தவறுகள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022 ஜூலை 24 அன்று நடத்திய குரூப் 4 தேர்வை 18 லட்சம் பேருக்கு மேல் எழுதினோம். முதலில் அறிவித்த பணியிடங்கள் 7,301. பிறகு அது பத்தாயிரத்தைத் தாண்டியது. அப்படியே வைத்துக்கொண்டாலும் 180 பேருக்கு ஒருவர். தேர்வறைக்கு 20 பேர் என்று கணக்குப் போட்டால், ஒன்பது அறைக்கு ஒரே ஓர் ஆள்தான் வேலைக்குப் போகிறார். மற்ற 179 பேரும் வீட்டுக்குத் திரும்பி ஏதோ ஒன்று செய்தாக வேண்டும்.

எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர ஊருக்கு நாலு கோச்சிங் சென்டர் இருக்கிறது. தோற்றவன் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. நான் 2018, 2019, 2022 என்று மூன்று முறை தோற்று, 2024-இல் தேறியவன். இப்போது ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எப்படி ஜெயித்தேன் என்று சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. தோற்ற பிறகு என்னவெல்லாம் கோணலாகச் செய்தேன் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்ல முடியும்.

வினாத்தாளைத் தூக்கிப் போடுவது

முதல் முறை தோற்றபோது வினாத்தாளைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டேன். இரண்டாவது முறை அதைக்கூடச் செய்யவில்லை. எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. அதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். ரிசல்ட் வந்த அன்று "இந்த முறை போச்சு" என்ற ஒற்றை வரியில் ஒன்றரை வருடப் படிப்பை மூடிவிட்டு, அடுத்த வாரமே ஆறாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஏற்கெனவே தெரிந்ததையே மூன்றாம் தடவை படிப்பது சுகமாக இருக்கும். தெரியாதது அப்படியே கிடக்கும்.

2023 மார்ச்சில் மூன்றாவது ரிசல்ட் வந்தது. ஐந்து இலக்கத்தில் ஒரு தரவரிசை எண். அன்றைக்கு என்ன புத்தி வந்ததோ, வினாத்தாளைத் தேடி எடுத்தேன். தேர்வறையில் வினாத்தாளில் விடையைக் குறிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் தேர்வு முடிந்த அன்று மதியமே பாளையங்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் என்ன விடை போட்டேன் என்று பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். எட்டு மாதம் அதைத் திறக்கவில்லை. இப்போது ஆன்சர் கீயோடு வைத்துப் பார்த்ததில் 143 சரி, 57 தவறு.

அந்த 57-ஐ ஒரு தாளில் மூன்று பத்தியாகப் பிரித்தேன். சுத்தமாகத் தெரியாதவை 22. எப்போதோ படித்து, இரண்டு விடைக்கு நடுவில் குழம்பியவை 19. மூன்றாவது பத்திதான் என்னை உட்கார வைத்தது: தெரிந்திருந்தும் விட்டவை 16. "தவறான இணையைத் தேர்க" என்று கேட்டிருக்கிறான்; முதல் இணை சரியாக இருந்ததும் சந்தோஷத்தில் விடைத்தாளில் அதன் வட்டத்தையே கறுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். இப்படியே ஆறு. கணக்கில் கடைசி வரியில் கூட்டல் பிழை நான்கு. மிச்சம், முதலில் சரியாக நினைத்துவிட்டு, கறுக்கும்போது மனசு மாறியவை. வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் என்றால் 24 மதிப்பெண் அங்கேயே போயிருக்கிறது.

அதுவரை எனக்குள் ஓடிய வாக்கியம் "எனக்கு இது வராது" என்பதுதான். அந்தத் தாளைப் பார்த்த பிறகு அந்த வாக்கியம் கொஞ்சம் அபத்தமாகத் தெரிந்தது. எது வராது? 16 கேள்வியை நிதானமாக வாசிக்க வராதா? தோல்வி மொத்தமாக நிற்கும்போது மலை மாதிரி இருக்கிறது. பிரித்துப் போட்டால் அதில் பாதி கூழாங்கல்.

வேலை நேர்முகத்தில் தோற்றவர்கள், கடை வைத்து நட்டப்பட்டவர்கள் இதையே வேறு விதமாகச் செய்யலாம். கணக்கு நோட்டைக் கொளுத்தாமல் இருந்தால் போதும்.

தன்னம்பிக்கையை வீடியோவில் தேடுவது

இரவு பதினொரு மணிக்குப் பின்னணி இசையோடு ஒருவர் "உன்னால் முடியும்" என்பார். உடம்பெல்லாம் சிலிர்க்கும். விடிந்தால் புத்தகம் பழையபடியே கனக்கும். இதை நான் இரண்டு வருடம் செய்தேன். அதில் கெடுதல் என்னவென்றால், அந்தச் சிலிர்ப்பையே படித்த கணக்கில் மனசு எழுதிக்கொள்கிறது. பாடத்திட்டத்தில் வினைத்திட்பம் என்று ஒரு குறள் அதிகாரம் இருந்தது. பத்துக் குறளையும் தூக்கத்தில் ஒப்பிப்போம். ஒன்றரை மதிப்பெண்ணுக்கு மேல் அதை எடுத்துக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

மாதிரித் தேர்வு எழுதும்போது நூலகத்தில் ஒரு அக்கா சொல்லித்தந்த வேலை ஒன்று உண்டு. விடை போடும்போதே, உறுதியாகத் தெரிந்த கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. யூகித்ததற்குப் புள்ளி இல்லை. முடித்ததும் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, புள்ளி வைத்தவற்றில் எத்தனை தவறு என்று மட்டும் பார்க்க வேண்டும்.

முதல் தடவை 120 கேள்விக்குப் புள்ளி வைத்திருந்தேன். அதில் 17 தவறு. "அடிச்சுச் சொல்வேன்" என்று நினைத்ததிலேயே 17! எனக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. பார்த்தால் தேவையில்லாத இடத்தில் அது வழிந்துகொண்டிருந்திருக்கிறது. அதே தாளில் யூகித்த 80-இல் 31 சரி. கண்ணை மூடிக்கொண்டு போட்டால் நாலில் ஒன்று, அதாவது 20 வரும். ஆக, தெரியாது என்று நினைத்த இடத்திலும் ஏதோ கொஞ்சம் தெரிந்திருக்கிறது.

ஒவ்வொரு ஞாயிறும் இந்த இரண்டு எண்ணையும் சுவரில் மாட்டிய காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதினேன். 17 என்பது 14 ஆனது, 9 ஆனது, ஒரு வாரம் 12-க்கு ஏறியது, அப்புறம் 5. தேர்வுக்கு முந்தின நாள் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 5 என்ற எண்மேல் சந்தேகம் இல்லை. நம்பிக்கை என்றால் பயமில்லாத மனநிலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது. கை பாட்டுக்கு விடையைக் கறுத்தது.

ஒளிந்துகொள்வது

2019 நவம்பரில் ரிசல்ட் வந்த பத்தாம் நாள் சித்தி மகளுக்குக் கல்யாணம். நான் போகவில்லை. போனால் எல்லாரும் கேட்பார்கள். காய்ச்சல் என்று சொல்லச் சொல்லி அம்மாவை மட்டும் பஸ் ஏற்றிவிட்டேன்.

அம்மா திரும்பி வந்து பையிலிருந்து தாம்பூலத்தையும் எனக்காகப் பொட்டலம் கட்டி வந்த லட்டையும் எடுத்து வைத்தார். "இருபது பேருகிட்ட பொய் சொல்லிட்டு வாரேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த லட்டை நான் தின்றேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. நான் இருபது பேருக்குச் சொல்ல வேண்டிய பதிலை அம்மா தலையில் கட்டியிருக்கிறேன், அதுவும் பொய்யாக.

ஒளிவதால் கேள்வி நிற்பதில்லை, பெரிதாகிறது. நாலு வருடம் கழித்து இன்னொரு வீட்டு விசேஷத்தில், சித்தி என்னைப் பார்த்து வரும்போதே நான் முந்திக்கொண்டேன். "சித்தி, இந்தத் தடவையும் கிடைக்கல. அடுத்த வருசம் மறுபடி இருக்கு, எழுதுறேன்." சித்தி அரை நொடி நின்றார். "சரிய்யா, சாப்ட்டியா? ரெண்டாம் பந்தி ஆரம்பிச்சுட்டாக" என்றார். அவ்வளவுதான். நான்கு வருடம் பயந்தது இதற்குத்தான்.

எல்லாரும் சித்தி மாதிரி இருக்க மாட்டார்கள், உண்மைதான். குத்துவதற்கென்றே கேட்கிற ஆட்களும் உண்டு. "எங்க பக்கத்து வீட்டுப் பையன் ஒரே அட்டெம்ப்ட்ல…" என்று ஆரம்பிப்பார்கள். அவர்களிடம் விளக்கம் சொல்வதும் தவறு, சண்டை போடுவதும் தவறு. "நல்லது மாமா, அவன் நம்பர் குடுங்க, நோட்ஸ் கேக்கணும்" என்று ஒருமுறை நிஜமாகவே கேட்டேன். அவரிடம் நம்பர் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பையன் பேச்சு வரவில்லை.

ஜெயித்த நண்பனை விலக்குவது

என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் 2019-இல் தேறி விஏஓ ஆனான். வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் வாழ்த்திய பிறகு ஒரு கும்பிடு படத்தை மட்டும் போட்டுவிட்டுக் குழுவை மியூட் செய்தேன். மூன்று வருடத்துக்கு மேல் பேசவில்லை. பொறாமை என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். "அவன் மாறிட்டான்" என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த 57 தவறுகளைப் பிரித்த வாரத்தில் அவனுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "நானா கூப்பிட்டா பீத்துறேன்னு நெனைப்பியோன்னுதாம்ல விட்டுட்டேன்" என்றான். அடுத்த வாரம் கூரியரில் நாலு நோட்டு வந்தது. கணக்கு நோட்டில் ஓரத்தில் சிவப்பு மையில் அவன் செய்த பிழைகள்: "இங்கே அவசரப்பட்டேன்", "அலகை மாற்ற மறந்தேன்". அவனுக்கும் ஒரு மூன்றாம் பத்தி இருந்திருக்கிறது.

சிறியவை சில

தோல்விக்கு வெளியில் காரணம் தேடுவது எளிது, சில சமயம் காரணம் நிஜமாகவும் இருக்கும். 2019 தேர்வில் இராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு 2020 ஜனவரியில் வெளியே வந்து, 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த 99 பேரையும் எடுத்துவிட்டால்கூட நான் இருந்த இடம் பட்டியலுக்கு வெகு தூரம். இது தெரிந்துகொண்டே ஆறு மாதம் டீக்கடையில் அதையே பேசினேன்.

படிக்கிறோம் என்ற பெயரில் வீட்டில் ராஜா மாதிரி இருப்பது இன்னொன்று. தம்பி வேலைக்குப் போய் என் மாதிரித் தேர்வு வகுப்புக்குப் பணம் கட்டுவான், நான் டிவி சத்தத்தைக் குறை என்று அவன்மேல் விழுவேன். தண்ணீர் குடம் தூக்கப் பத்து நிமிடம் ஆகும். யாரும் பத்து நிமிடத்தில் தோற்பதில்லை.

ரிசல்ட் அன்று இரவு எந்த முடிவும் எடுக்காதீர்கள். இருக்கிற வேலையை விடுவதோ, புத்தகத்தை விற்பதோ, "இனி எழுதவே மாட்டேன்" என்று ஸ்டேட்டஸ் வைப்பதோ, எல்லாம் ஒரு வாரம் கழித்து. மனசு அதற்கும் மேல் இறங்கி, தூக்கமும் சாப்பாடும் போய், வாழ்வதே வீண் என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள். உடனே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 104-ஐ அழைத்தாலும் பேச ஆள் உண்டு.

நிறுத்துவதைத் தோல்வி என்று நினைப்பது

விடாமுயற்சி பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். எத்தனை முறை எழுதுவது என்று நாமே ஒரு கோடு போடாவிட்டால், வயது வரம்பு நமக்காகப் போடும். 2022-க்குப் பிறகு, இன்னும் ஒரே ஒரு முறை என்று நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

புள்ளி வைக்கச் சொல்லித்தந்த நூலகத்து அக்கா அந்த 2022 தேர்வோடு நிறுத்திவிட்டார். என்னைவிட நன்றாகப் படிப்பவர். சில காலம் கழித்துப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை போட்டார்; ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். தேர்வாணைய விண்ணப்பம் போட அங்கேதான் கூட்டம். எந்தக் கட்டத்தில் எல்லாரும் தப்பு செய்வார்கள் என்று அவருக்கு மனப்பாடம். 2024-இல் என் விண்ணப்பத்தையும் அவரே போட்டார். தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழ் பற்றி நான் தவறாகச் சொன்னதைத் திருத்தினார். ஐம்பது ரூபாயை நீட்டினேன். "பாஸ் பண்ணிட்டு வந்து குடு" என்றார்.

அந்த அக்டோபர் கடைசியில் ரிசல்ட் வந்தது. மறுநாள் போய் ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கி, கல்லாவிலிருந்து ஐம்பது ரூபாய் மீதியை எடுத்துத் தந்தார். பிறகு என் பின்னால் நின்ற பெண்ணிடம், "சாதிச் சான்றிதழ் கொண்டாந்திருக்கியாம்மா?" என்று கேட்டபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.