பழைய பைக்ல உடைஞ்ச கியர் லிவரை நாமளே மாத்துறது எப்படி

பைக்க சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரல்ல வச்சுக்கோங்க. லிவர் மாட்டியிருக்க ஷாஃப்ட்ல சின்ன பல்லு பல்லா இருக்கும்ல, பழைய லிவர் எந்தப் பல்லுல உக்காந்திருக்குனு மார்க்கர்ல ஒரு கோடு போட்டு போட்டோவும் எடுத்துக்கோங்க. அப்புறம் போல்ட்ட கழட்டணும், பெரும்பாலும் 10 ஸ்பேனர் தான். லூஸ் பண்ணா மட்டும் பத்தாது, நெறைய வண்டில அந்த போல்ட் ஷாஃப்ட்ல இருக்க பள்ளம் வழியா போகும், முழுசா உருவினா தான் லிவர் வரும்.

துரு பிடிச்சிருந்தா துரு எடுக்குற ஸ்பிரே அடிச்சு அரை மணி நேரம் விட்டுட்டு, லிவர்ல இருக்க வெட்டுக்குள்ள ஃபிளாட் ஸ்க்ரூ டிரைவர விட்டு லேசா நெம்பிக்கிட்டே ஆட்டி ஆட்டி இழுங்க. தயவுசெஞ்சு சுத்தியல் வேணாம், ஷாஃப்ட் வளைஞ்சா ஆயில் சீல் (எஞ்சின் ஆயில் வெளிய கசியாம தடுக்குற ரப்பர் வளையம்) போயிடும், அப்புறம் லிவர் செலவெல்லாம் ஒண்ணுமே இல்லனு ஆயிடும். (ஒரு தடவ அவசரப்பட்டு அடிச்சு நான் பட்டது போதும்.)

புது லிவர் வாங்க பழசையும் எடுத்துட்டுப் போங்க, ஒரு பல்லு வித்தியாசம் இருந்தாலும் சேராது. ஷாஃப்ட்ட பிரஷ் போட்டு தேச்சு, துளி கிரீஸ் தடவி, கோட்டுக்கு நேரா மாட்டி போல்ட்ட டைட் பண்ணுங்க. ஷூ போட்டு எல்லா கியரும் விழுதானு பாருங்க. கால் எட்டலனா ஒரு பல்லு தள்ளி மாட்டுங்க.