மாநிலம் மாறும் முன் மணிக்கணக்கைப் பதிந்துவிடுங்கள்

அமெரிக்காவில் ஆர்க்கிடெக்ட் உரிமத்துக்குத் தயாராகும் நம் சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பாதியில் இல்லினாயிலிருந்து டெக்சஸுக்கு மாற வேண்டி வந்தால் கலங்க வேண்டாம். உரிமம் தருவது அந்தந்த மாநில வாரியம். ஆனால் பயிற்சிக் கணக்கு என்கார்ப் (NCARB, மாநில வாரியங்களின் தேசிய மன்றம்) பதிவில் இருப்பதால், முறையாகச் சேர்ந்த பயிற்சி மணி நேரங்கள் உங்களோடு வரும். தேர்வு எழுதும் மாநிலத்தை மட்டும் அங்கே மாற்றச் சொல்லுங்கள். புது வாரியம் கூடுதலாக எதைக் கேட்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியா என்றால் தனியாக ஒரு தேர்வு உண்டு.

உண்மையான ஆபத்து தாமதத்தில்தான் இருக்கிறது. மொத்தம் 3,740 மணி நேரப் பயிற்சி வேண்டும். வேலை செய்த 8 மாதத்துக்குள் பதிந்தால் முழுதாகச் சேரும். அதைத் தாண்டினால் 5 ஆண்டு வரை பாதிதான். என் தங்கை மகன் இதில் மாட்டிக்கொண்டான். தோட்டத்து வீட்டு மேசையில் தாத்தா பால் கணக்கு எழுதுகிற அதே மாதிரி 555 குட்டிக் குறிப்புப் புத்தகத்தில், நாள்வாரியாக மணி நேரங்களைக் குறித்து வைத்திருந்தான். என்கார்ப் பதிவில் ஏற்றத்தான் மறந்துவிட்டான். அத்தனை உழைப்பும் பாதியானதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

அப்புறம், ஈப்போவில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டிடம் வேலை செய்திருந்தால் அதையும் விடாதீர்கள். வெளிநாட்டு அனுபவத்துக்கும் ஒரு வரம்பு வரை இடமுண்டு. பழைய அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே உங்கள் மணிக்கணக்குக்கு மேற்பார்வையாளரின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். அவரும் வேலை மாறிவிட்டால் தேடி அலைய வேண்டும்.